இரண்டாம் முறை எடுத்த ரத்தம்

பல்லைப் பிடுங்கினால் பள்ளம் தானாக மூடிக்கொள்ளும் என்றுதான்
அதுவரை நினைத்திருந்தேன்.
"மூடும். ஆனா கரை இறங்கிடும்" என்றார் டாக்டர் சுமையா.
கூத்தாநல்லூர் கடைத்தெரு, மருந்துக்கடைக்கு மேல் மாடி.
கரை இறங்குவது எனக்குத் தெரியும்.
இருபத்தாறு வருஷமாக லஸ்கர்,
எட்டு மதகு, ஒரு சாவிக்கொத்து,
காலை ஆறு மணிக்கு அளவுகோல் பார்த்து
நோட்டில் எழுதிக் கையெழுத்து.

சோற்றில் கிடந்த கல் ஒன்று
கீழ்க் கடைவாய்ப் பல்லை வேர்வரை பிளந்திருந்தது.
கிராம்பு வைத்து ஒரு மாதம் அதை ஏமாற்றினேன்.
பிறகு அது என்னை ஏமாற்றியது.

"வைரக்கண்ணு, கையைக் காட்டுங்க."
வாய்க்கு வந்த வினைக்குக் கை எதற்கு?
"உங்க ரத்தத்தைச் சுத்தியெடுத்து அந்தக் குழியில வைப்போம்.
எலும்பு குறையத்தான் செய்யும். கொஞ்சமாக் குறையும்."
அந்தக் கொஞ்சத்தை நம்பினேன்.
முழுசாகச் சரியாகும் என்பவர்கள்
தேர்தலுக்குத் தேர்தல் வருகிறார்கள்.

பல் வந்தது. பஞ்சைக் கடித்தபடி
கையை நீட்டினேன்.
இரண்டு கண்ணாடிக் குழாய் நிறைய.
இயந்திரம் மிக்ஸியைவிடப் பெரிதில்லை,
குரல் மட்டும் மாவு மில்லுடையது.
ஐந்தாம் நிமிஷம் கரண்ட் போனது.

வைகாசி. மின்விசிறி தளர்ந்து நின்றது.
அந்தக் குழாய்களில் உறையாமலிருக்க
மருந்து எதுவும் போடுவதில்லையாம்.
ரத்தம் அதன் போக்கில் உறையும்,
யாருக்கும் நிற்காது.
உதவிக்கு நின்ற மெர்சி
கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மூடியைத் திறந்தாள்:
தலையும் காலும் பிரியாத ஒரே சிவப்புக் கட்டி.

டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது.
கீழே கடைக்காரரிடம் ஜெனரேட்டர் கேட்டு ஒயர் இழுத்து
"இன்னொரு கை..." என்றார்.
வாயில் பஞ்சு இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன்:
முறை வந்த அன்று திறக்காவிட்டால்
அடுத்த முறைதான், அம்மா.
கோபிக்க இதில் என்ன இருக்கிறது.

இம்முறை முழுதும் ஓடியது.
சன்னல் வெளிச்சத்தில் குழாயைத் தூக்கிக் காட்டினார்.
அடியில் சிவப்பு. மேலே வைக்கோல் நிறத் தண்ணீர்.
நடுவில்
இள நுங்கைப் போல ஒன்று, வழவழவென்று,
லேசாக மஞ்சள்.
என் உடம்பில் இது இருந்ததாக
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
ஆடிப் புதுத்தண்ணீரைச் சொம்பில் பிடித்து வைத்தால்
விடியும்போது அடியில் வண்டல், மேலே தெளிவு.
நடுவில் ஒன்றும் நிற்காது.

தட்டில் வைத்து அழுத்தி, சவ்வாக்கி, மடித்து,
குழியில் இறக்கி,
குறுக்கும் நெடுக்குமாக ஒரு தையல்.

வீடு திரும்பும் பேருந்தில்தான் தோன்றியது.
கடைமடைக்காரர்கள் என்னைக் கேட்பார்கள்,
"ஒரு அரையடி தூக்குங்க."
நான் மேல் மதகைக் கேட்பேன்.
அவர் அதற்கு மேலே.
மேலே, மேலே என்று போன் போய்க்கொண்டே இருக்கும்.
எங்களுக்கு எதுவும் பக்கத்திலிருந்து வந்ததில்லை.
இது மட்டும்
வலது முழங்கையிலிருந்து வலது தாடைக்கு,
மூன்று சாண்.
உத்தரவு இல்லை, முறைப்பாசனம் இல்லை.
கரண்ட் மட்டும் வேண்டியிருந்தது.

துப்பக் கூடாது, உறிஞ்சக் கூடாது, வெற்றிலை கூடாது.
தனக்கொடி தினமும் ஆறவைத்த கஞ்சியோடு
என் மௌனத்தையும் கொஞ்சம் அனுபவித்தாள்.

புரட்டாசியில் மறுபடி படம் எடுத்தார்கள்.
மே மாதம் கறுப்பாக இருந்த இடம்
இப்போது சாம்பல், நூல் நூலாக.
ஸ்கேலை வைத்துப் பார்த்து
"ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கு" என்றார்.
பல் வைக்க எலும்பு போதும். பணம்தான் இனி சேர்க்க வேண்டும்.

மறுநாள் காலை ஆறு மணி.
ஆறு நிறைய ஓடிக்கொண்டிருந்தது.
நாக்கு அந்த இடத்துக்கே போய்ப் போய் வந்தது.
அளவு எழுதினேன். குறிப்புக் கட்டத்தில்
கை தானாக எழுதியது:
கரை ஒரு மி.மீ. இறக்கம், கசிவு இல்லை.

அடித்துவிட்டேன்.
எந்தக் கரை என்று அதிகாரி கேட்பார்.