ஈரப்பதம் பதினேழு

முதல் தடவை ஆயிரத்து அறுநூற்று நாற்பது.
கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய்மேல் மழை.
சிப்பங்களின் அடுக்கில் சாய்ந்தபடி
நாற்பது புதிர்களை முடித்தேன்.

இரண்டாம் தடவை ஆயிரத்து நானூற்று எழுபத்தைந்து.
அன்று நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது
(என்றைக்குத் திறந்திருந்தது?)
பஸ்ஸில் நின்றபடி, யாருடைய கோழிக்கூடையோ முழங்காலில் இடிக்க,
சரக்கு ரயிலின் முப்பத்தெட்டாவது பெட்டி கடக்கையில்
ராணியைப் பறிகொடுத்தேன்.

மூன்றாம் தடவை
வீடு தூங்கிய பிறகு, கொசுவலைக்குள்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.
நூற்றில் தொண்ணூற்றாறு பேரைவிட நீங்கள் மேல் என்றது திரை.
எந்த நூறு பேர் என்று கேட்கத் தோன்றவில்லை.
ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன்.
அதில் ஏழெட்டுப் புதிர்கள்
ஏற்கெனவே பார்த்த முகங்கள் என்பது
ஸ்கிரீன்ஷாட்டில் விழாது.

மன்னார்குடி மண்டபத்தில் போட்டி.
படிவத்தில் பெயர்: தையல்நாயகி.
வேலை: பட்டியல் எழுத்தர், பருவகாலம்.
ரேட்டிங் என்ற கட்டத்தில்
மூன்று எண்களில் எதை எழுதினேன் என்று
சொல்ல வேண்டியதில்லை.
"இது எதுல வாங்குனது?"
"ஆன்லைன்ல."
அவர் சிரிக்கக்கூட இல்லை. பால்பாயிண்ட் பேனாவால்
ஒரு கோடு இழுத்து, பக்கத்தில்
வட்டமாய் ஒரு பூஜ்ஜியம் போட்டார்.

எதிரே கூத்தாநல்லூர் ஷேக் தாவூது,
ஏசி மெக்கானிக். நகத்துக்கடியில் கறுப்பு.
பதினெட்டாவது நகர்த்தலில் பலகை அமைதியாகக் கிடந்தது,
ஐப்பசியில் தண்ணீர் நிற்கும் வயல்போல.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காததை நான் எங்கும் பழகியதில்லை.
என் நாற்பது புதிர்களிலும்
உள்ளே ஏதோ ஒளிந்திருக்கிறது என்று
யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள்.
புதிர் என்ற சொல்லே பாதி விடை.
இங்கே சொல்ல ஆளில்லை.
இருந்தும் தேடினேன். இருந்தே ஆகவேண்டும் என்று
ராஜாவின் முன்னிருந்த சிப்பாய்க்குக்
குதிரையைக் கொடுத்தேன்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஏதோ என் கைப்பை தவறி விழுந்ததுபோல்
மெதுவாக எடுத்துக்கொண்டார்.
மிச்சம் இருபது நகர்த்தல்
வெறும் மரியாதைக்கு.

திங்கட்கிழமை. குறுவை நெல்.
மேலப்பனையூர் அமிர்தகடேசன் மூன்று நாளாய்ச்
சாலையோரம் காயவைத்துக் காவல் கிடந்தவர்.
ஒரே சாக்கில் வாயில் எடுத்த பிடி பதினேழு புள்ளி நாலு.
நடுவில் பதினாறு புள்ளி எட்டு.
அடியில் பதினெட்டைத் தாண்டியது.
பதினேழுக்கு மேல் போனால் திருப்பி அனுப்பவேண்டும்.
"மூணுல என் நெல்லு எதும்மா?"

கருவியைத் துடைத்தேன். மறுபடி ஒரு பிடி போடலாம்,
நாலாவதாய் ஓர் எண் வரும்.
வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.
பதினாறு புள்ளி எட்டு என்று எழுதினேன்.
எனக்கு உயர்ந்ததை எடுத்த அதே கை
அவருக்குத் தாழ்ந்ததை எடுத்தது.
இதை நேர்மை என்று சொல்லமாட்டேன்.
கருவி பொய் சொன்னது என்றும் சொல்லமாட்டேன்.
அது கேட்ட பிடிக்குப் பதில் சொன்னது.

இரவு தாவூதிடமிருந்து ஒரு படம்.
எங்கள் ஆட்டம், பதினெட்டாவது நகர்த்தல்,
குதிரை இன்னும் உயிரோடு.
கீழே ஒரு வரி:
"இதுல உண்மையிலேயே ஏதாச்சும் இருந்துச்சா?
எனக்கும் தெரியல."

மதிப்பெண் இல்லை. நேரக்கணக்கு இல்லை.
சரி என்று பச்சை விளக்கும் எரியாது.
இரண்டு ராத்திரியாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
யானையை ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்தினால்
கொஞ்சம் நன்றாக இருக்குமோ என்று தோன்றுகிறது.
கொஞ்சம்தான்.
அதுவும் காலையில் மாறலாம்.