திரை கறுத்த பிறகு

மூன்று படங்களிலும் நான்தான்.
அமைச்சகத்திடம் பணம் குறைவு,
ஓஷ் நகரில் என் முகம் மலிவு.

முதல் படத்தில் பொட்டலம் விற்பவன்.
உள்ளே கோதுமை மாவு.
உறிஞ்சிக் காட்டச் சொன்னார்கள்.
ஒன்பது தடவை தும்மினேன்,
பத்தாவதை வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவதில் கையூட்டு வாங்கும் அதிகாரி.
மேசைக்கடியில் ஓர் உறை, என் விரல்கள்,
சிவப்பு எழுத்தில்: கொடுக்காதே, வாங்காதே.
அன்று மாலை கணக்காளர்
மூவாயிரம் சோம் என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கி
ஆயிரத்து ஐந்நூறை எண்ணித் தந்தார்.
நானும் எண்ணிப் பார்த்தேன்.
ஆயிரத்து ஐந்நூறு சரியாகத்தான் இருந்தது.

மூன்றாவதில்
வெளிநாட்டில் வேலை வாங்கித் தருகிறவன்.
"ஓட்டல் வேலை. தங்க அறை இலவசம்.
பாஸ்போர்ட்டை என்கிட்டே கொடு,
தொலைத்துவிடுவாய் தங்கச்சி."
இந்த வரி எனக்கு நன்றாக வந்தது,
இயக்குநரே சொன்னார்.
பெரிசாத், நாடகக் கல்லூரி மாணவி,
வாயிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலை விழுங்கிவிட்டு
பையை மார்போடு அணைத்துக் காரில் ஏறுவாள்.
கதவு மூடும். திரை கறுக்கும்.
ஒரு தொலைபேசி எண்.
மொத்தம் நாற்பது விநாடி.

இப்போது எங்கும் இருக்கிறேன்.
பல் மருத்துவமனையில்,
பேருந்து நிலையத்தில்,
வங்கியில் வரிசை எண்ணுக்கு மேலே,
பெரும்பாலும் குரல் இல்லாமல்.
சம்சா சுடும் ரஹ்மான்ஜான்
என் சில்லறையை மட்டும் இரண்டு முறை எண்ணுகிறான்.
சோதனைச் சாவடிக்காரர் "வாப்பா கூட்டாளி" என்கிறார்.
அதில் எவ்வளவு விளையாட்டு என்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.
பள்ளியில் படம் போடுகிற நாளன்று
காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான் என் மகன்.
தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.
போர்த்திவிட்டு வந்தேன்.

பிப்ரவரி. ஆற்றங்கரைச் சந்தை.
மஞ்சள் காரட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.
ஒரு கை என் கோட்டைப் பற்றியது.
குருத் உருட்டி உருட்டி
உப்பேறி வெடித்த விரல்கள்.

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்:
"அம்மா, அது நடிப்பு. நான் நடிகன்."
"தெரியும். எனக்குப் புத்தி இருக்கிறது.
என் பெயர் துர்துகான். மகள் ஐஸிரெக்.
கதவு மூடின பிறகு
காரை எங்கே ஓட்டிக்கொண்டு போனாய்?"

எங்கேயும் இல்லை.
இருபது மீட்டர்.
இரண்டாவது பாப்ளர் மரம் வரை போய்
பின்னோக்கியே வந்தோம், சந்து குறுகல்.
பிறகு தேநீர் குடித்தோம்.

"இருபது மீட்டர்" என்றாள்.
காரட் குவியலிலிருந்து
தராசுக்கடை வரை பார்த்தாள்.
கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

பிறகு கேட்டாள்:
"அந்த வார்த்தையை யார் எழுதிக் கொடுத்தது?"
எந்த வார்த்தை?
"தொலைத்துவிடுவாய் தங்கச்சி.
அதேதான். அந்தத் தங்கச்சியோடு சேர்த்து.
என் சமையலறையில் வைத்துச் சொன்னான்,
நான் அவனுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது."

எழுதியவரை எனக்குத் தெரியாது.
தாள் வந்தது, மனப்பாடம் செய்தேன்.
யாரோ கொடுத்த வாக்குமூலத்திலிருந்து
எடுத்தார்கள் என்று மட்டும் கேள்வி.

அவள் பிடி இறுகியது.
"வாக்குமூலமா?
அப்படியானால்
யாரோ ஒருத்தி
திரும்பி வந்திருக்கிறாள்."

படத்தில் இதற்குப் பதில் இல்லை.
எந்தப் படத்திலும் எனக்குத் தரவில்லை.
காரட்காரன் கேட்டான்,
வேண்டுமா, வேண்டாமா?
ஒரு கையால் பையை விரித்தேன்.
இன்னொரு கை
அவளிடம் இருந்தது.