வாயில்லாதது

உப்பர்நாவிக்கில் மார்ச் வெளிச்சம்.
உறைந்த கடலின் மேல் கிடத்திய
கடல்நாயின் வாயில்
ஒரு மிடறு நன்னீர் ஊற்றுகிறான் மாலிக்.
ஆயுசு முழுக்க உப்புக்குள் நீந்திய தாகம்;
அது தணிந்த பிறகுதான் கத்தி.

வீட்டில் பிபாலுக் கோழியைப் பிரிக்கிறாள்.
டென்மார்க்கிலிருந்து கடைசிக் கப்பலில் வந்து
கடையின் உறைபெட்டியில் குளிர்காலம் கழித்தது.
எடை இருக்கிறது, விலை இருக்கிறது,
கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

குவளைத் தண்ணீரோடு நின்றாள்.
எங்கே ஊற்ற?

அப்புறம்
அதற்காகத் தானே குடித்தாள்,
ஒரு மிடறு மட்டும்.

ராத்திரி மேசையில்
"உப்பு கூடிப்போச்சா?" என்றான் மாலிக்.
அவன் தட்டு பாதி காலி.
இல்லையென்று தலையசைத்தாள்.
வாயிலிருந்த முதல் துண்டை
இன்னும் விழுங்கவில்லை.