படகில் கயிறு என்று எதுவும் இல்லை

பாயை ஏற்றுவது ஆஞ்சான்.
ஏறிய பாயை இழுத்து அடக்குவது தாமான்.
நங்கூரத்தோடு போவது வடம்.
கயிறு என்று சொல்பவன் பயணி,
அவனை நடுவில் உட்காரவைத்துக்
கம்பளி போர்த்திவிடலாம்.

லூலே என்னோடு பேசி
நாலு வருஷம், ஐந்து மாசம்.
ஹாப்சலுவில் அம்மாவின் வீட்டை விற்ற அன்று
"அதை நீ இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது" என்றாள்.
"அது அப்படி இல்லை" என்றேன்.
எது எது என்று இருவருமே சொல்லாமல்
ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டோம்.

மிஞ்சியது ஆலா மட்டும்.
பத்தொன்பது அடி நீளம், நீலப் பூச்சு உரிந்த விலா.
ஆளுக்குப் பாதி என்று வக்கீல் எழுதினார்.
எந்தப் பாதி?
அணியம் ஒருத்திக்கு, சுக்கான் ஒருத்திக்கா?
பாய்மரத்தை நீளவாக்கில் பிளப்பதா?

செப்டம்பர் கடைசி.
ஹீயுமா தீவில் கிடந்தவளைக் கடல் உறையுமுன்
அக்கரைக் கொட்டகையில் சேர்த்தாக வேண்டும்.
இரண்டு பாயையும் சுக்கானையும் தனியாகப் பார்க்க
அவளுக்கும் வயசாகிவிட்டது, எனக்கும் தோள்வலி.
வந்தாள். கறுப்பு ரொட்டி, புகைபோட்ட மீன், ஒரு பிளாஸ்க்.
தலையசைப்புகூட இல்லை.

"ஆஞ்சான்" என்றாள்.
நாலு வருஷத்துக்கு அப்புறம் முதல் சொல்.
கப்பி கிறீச்சிடப் பெரிய பாய் ஏறியது,
பாதியில் சிக்கியது, இறக்கி மறுபடி ஏற்றினேன்.
பருமல் ஊசலாடி என் காதை உரசிப் போனது.
"குனி" என்று அவள் சொன்னது
அதற்கு ஒரு நொடி கழித்து.
(வேண்டுமென்றேவா? இருக்கலாம்.)

காற்று தென்கிழக்கு. நாங்கள் போகவேண்டியதும் தென்கிழக்கு.
எதிர்க்காற்றில் எந்தப் படகும் நேராகப் போவதில்லை,
இடம் சாய்ந்து, வலம் சாய்ந்து,
போகாத திசைகளில் போய்த்தான் சேர வேண்டும்.
ஒவ்வொரு திருப்பத்துக்கும்
சுக்கான் பிடித்தவள் கேட்டாக வேண்டும்: "தயாரா?"
தாமான் பிடித்தவள் சொல்லியாக வேண்டும்: "தயார்."
மண்திட்டு வருவதற்குள் பதினொரு முறை கேட்டாள்.
பதினொரு முறையும் பதில் சொன்னேன்.
அந்த வீட்டில் நாங்கள் ஒருவரையொருவர்
இத்தனை முறை கேட்டதில்லை.

அணியம் காற்றைக் கடக்கிற நொடியில்
முன்பாய் கன்னாபின்னாவென்று படபடக்கும்.
அந்தச் சத்தத்தில் யார் எதைச் சொன்னாலும் கேட்காது.
பிறகு மறுபக்கம் நிரம்பும். அமைதி.
முழங்கால் மேல் முழங்கால் இடித்து
இடம் மாறி உட்காருவோம், மன்னிப்பு கேட்காமல்.

திட்டில் தாழ்பலகை தட்டியது,
பல் கூசும் ஓசை.
அவள் வாயைத் திறக்குமுன்
பலகையை இழுத்துத் தூக்கிவிட்டேன்.
திறந்த வாயை மூடிக்கொண்டாள்,
கொஞ்சம் ஏமாற்றத்தோடு.
பலகை இல்லாத ஆலா நண்டு மாதிரி
பக்கவாட்டில் நழுவினாள்.
ஆழம் வந்ததும் இறக்கினேன்.
அதற்கும் யாரும் சொல்லவில்லை.

பெரிய ஃபெரி ஒன்று தாண்டிப் போனது.
அதன் மேல்தளத்தில் ஒரு பையன் கையாட்டினான்.
இருவரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி
ஒரே நேரத்தில் இறக்கிக்கொண்டோம்.

விரல்கள் மரத்துவிட்டன.
சுக்கானை இடுப்பில் அணைத்து,
முன்னால் பார்த்தபடியே லூலே சொன்னாள்:
"அதை எடு."

படகில் அப்படி ஒரு சொல் கிடையாது.
தாமானா, பலகையா, வடமா?
நான் பிளாஸ்க்கை எடுத்தேன்.
மூடியில் ஊற்றி நீட்டினேன்.
"நீ" என்றாள்.
குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தது.
அவள் தேநீரில் சர்க்கரை போடுகிறவள் இல்லை.

கரை கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.
"தயாரா?" என்றாள்.
மூடியில் இன்னும் பாதி இருந்தது.
"இரு" என்றேன்.