ஹீட்டரும் கேத்திலும்

வெஸ்ட்மீட் ஆய்வுகூடத்தில்
இரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுவது என் வேலை.
பெயர், இலக்கம், பிறந்த திகதி.
முன்பெல்லாம் என் வருடத்தில் பிறந்தவர்கள்
எப்போதாவதுதான் வருவார்கள்.
இந்த வருடம் தட்டுக்கு மூன்று பேர்.

ஜூலையில் எனக்கு ஐம்பது.
வேலையில் யாரிடமும் சொல்லவில்லை.
குழாய்களுக்குத் தெரியும்.

பதினொரு வருடமாக இரவில் படம் கீறுகிறேன்,
சமையலறை மேசையில், எல்லாரும் படுத்த பிறகு.
கோப்பை, கதிரை, கை. மறுபடியும் கை.
என்னுடைய இடது கைதான்.
வேறு யாருடைய கை அந்த நேரத்தில்
அசையாமல் கிடைக்கும்?
முடிந்த கொப்பிகள் அரிசி வாளிக்குப் பின்னால்.
நன்றாக வந்தது என்று சொல்ல நான்,
வரவில்லை என்று சொல்லவும் நான்.
வழக்காளியும் நீதவானும் ஒருத்தியே ஆன வீட்டில்
தீர்ப்பு தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும்.

வியாழன் இரவுகளில்
தூங்காபியில், இன்பநாதன் வீட்டுக் கராஜில்
சிலர் கூடிக் கீறுவார்கள் என்று
சுகிர்தா சொன்னாள், கையுறையைக் கழற்றிக்கொண்டே.
பெயரிலேயே தூங்காத ஊர்.
போய்த்தான் பார்ப்போமே என்று போனேன்.

கார் இல்லை. காரின் எண்ணெய்க் கறை இருந்தது.
நான்கு கதிரைகள், ஒரு பெயின்ட் வாளி.
வாளி வீட்டுக்காரருக்கு.
தகரக் கூரை; குளிர் மேலிருந்து இறங்கி
நேரே பிடரியில் உட்கார்ந்தது.
எதிரில் இருப்பவரைப் பத்து நிமிடம் கீற வேண்டும்.
பிறகு தாளைத் திருப்பிக் காட்ட வேண்டும்.
"நல்லாயிருக்கு" என்ற சொல்லுக்குத் தடை.
சொன்னால் பிஸ்கற் பேணிக்குள் இரண்டு டொலர்.

எனக்கு எதிரே பெவர்லி.
முப்பது வருடம் பஸ் ஓட்டியவள்,
இமைக்காமல் பார்க்கப் பழகியவள்.
என் தாளைப் பார்த்துக் கேட்டாள்:
"எனக்கு முழங்கை இல்லையா?"

இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.
மணிக்கட்டோடு முடிந்துபோன
உலகம் என்னுடையது.

ஹீட்டரையும் கேத்திலையும் ஒன்றாகப் போட்டால்
கராஜில் கரண்ட் போய்விடும்.
சூடா, தேத்தண்ணியா என்று
கிழமைக்குக் கிழமை வாக்கெடுப்பு.
அன்று சூடு வென்றிருந்தது.
இரண்டாம் சுற்றின் நடுவில்
லோவான் மறந்துபோய்க் கேத்திலைத் தட்டிவிட்டாள்.

இருட்டு.
யாரோ சிரித்தார்கள்.
பெயின்ட் வாளி உருண்டது;
இன்பநாதன் பியூஸ் பெட்டியைத் தேடி வெளியே போனார்.
அப்போதுதான் கேட்டது.
பென்சில்கள் நிற்கவில்லை.
எதிரே ஒன்று, சரசரவென்று, தரிப்பிடம் எதிலும் நிற்காமல்.
வலப்பக்கம் ஒன்று
கோழி மண் கிளறுவதுபோல, கிளறி, நின்று, யோசித்து, கிளறி.
பதினொரு வருடம் கீறியும்
இன்னொருவர் கீறும் சத்தத்தை
நான் கேட்டதே இல்லை.

என் பென்சிலும் போனது,
எங்கே என்று தெரியாமல்,
மணிக்கட்டைத் தாண்டி.

வெளிச்சம் வந்தபோது
பெவர்லியின் முழங்கை
அவள் காதுக்குப் பக்கத்தில் முளைத்திருந்தது.
எட்டிப் பார்த்த லோவான்
"நல்லாயிருக்கு" என்றாள், சுத்தத் தமிழில்.
வியட்நாமியப் பெண், எங்கள் மொழியில்
தடைசெய்த சொல்லைத்தான் முதலில் கற்றிருக்கிறாள்.
இரண்டு டொலர் பேணிக்குள் விழுந்த சத்தம்
எனக்கு இன்னும் கேட்கிறது.

புறப்படும்போது இன்பநாதன் தன் தாளைத் திருப்பினார்.
எதிர் ஆள் இல்லாததால்
பக்கவாட்டில் என்னைப் பிடித்திருக்கிறார்.
நெற்றியில் நான் ஒத்துக்கொள்ளாத இரண்டு கோடுகள்.
தாடைக்குக் கீழே
கண்ணாடியும் இதுவரை சொல்லாத ஒரு மடிப்பு.
கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"காது எங்க?" என்றேன்.
"கரண்ட் போயிட்டுதல்லோ.
வாற வியாழன் கொண்டு வாங்கோ."

வாற வியாழன்தான் அந்தத் திகதி.
வீட்டில் கேக்குக்குச் சொல்லிவைத்திருப்பார்கள்.
பத்து மணிக்கு வெட்டலாம் என்று சொல்ல வேண்டும்.
முதலில் போய்
காதைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.