நாற்பது கிலோ

பெட்டியில் நாற்பது என்றிருந்தது.
இருபதைத்தான் கேட்டேன்.
டொக்யார்ட் வீதிக் கடையில் நஸ்றுல்லா
"அது முடிஞ்சுது சேர்,
இதுவும் பழகப் பழக வரும்" என்று
மிச்சக் காசை எண்ணினார்.

நாலே முக்கால் புல்மோட்டை பஸ். யன்னலோரம்.
ஒரு பிடி பெருவிரல் மேட்டில்,
மற்றதை நாலு விரலும் வளைத்து
உப்புவெளி வருமுன் ஐந்து தரம்.
சின்னவிரல் முதலில் கைவிட்டது,
அதைப் பார்த்து மோதிரவிரல்.

அலஸ்தோட்டத்தில் ஓய்வு.
சாம்பல்தீவுப் பாலத்தில் இடக்கை.
ஒருநாள் விட்டு ஒருநாள்.
இடையில் எத்தனை வெளி என்று
பத்து ரூபாய்க் குற்றியால் அளக்கிறேன்:
போன மாதம் நாலு குற்றி,
இந்த மாதம் மூன்று,
மழைநாளில் மறுபடி நாலு.

ஏன் இது என்று கேட்பவர்களுக்கு
சோடா மூடி திறக்க என்பேன்.

பெரியாஸ்பத்திரியில் அந்த டொக்டர்
தன் இரண்டு விரலை நீட்டி
"பிடியுங்கோ" என்றார்.
பிடித்தேன்.
முகத்தைப் பார்த்தபடி இன்னொருதரம்,
"பிடியுங்கோ."

மீன் விற்று முடித்த வெறுஞ்சட்டியோடு
பக்கத்தில் இருந்த மனிசி
நிலாவெளி மட்டும் பொறுத்தாள்.
"என்ன தம்பி, எலியோ கத்துது?
இஞ்ச தாரும்."

டக்.
இரண்டு பிடியும் முட்டின சத்தம்
அன்றுதான் முதன்முதல் கேட்டேன்.
இன்னொருக்கால், டக்.
"எண்ணெய் விடும்" என்று திருப்பித் தந்து
இறக்கக்கண்டியில் இறங்கினாள்.

என் உள்ளங்கையில் ஒரு செதிள்.
அதையும் சேர்த்து அமத்தினேன்.
இரண்டரைக் குற்றி.