இருபத்தெட்டாம் நாள்

மெர்பேங்கில் எங்கள் துணிக்கொடியில்
வெள்ளைச் சட்டை வெள்ளையாய்க் காய்ந்ததில்லை.
காகித ஆலைக் கொதிகலன்
தெருவுக்கு அனுப்பிய சாம்பலை
ஜன்னல் ஜன்னலாய்த் துடைத்தவள் நான்.

இன்று அது
மூட்டையில் என் மேசைக்கு வந்திருக்கிறது,
சீட்டு ஒட்டி, எடை போட்டு, மரியாதையாய்.

ஐந்து பங்கு சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து
இதைப் போடச் சொன்னார்கள்.
போட்டேன்.
தண்ணீர் அதிகம் கேட்டது, ஊற்றினேன்.
அச்சில் குத்தி, தொட்டியில் இறக்கி,
ஏழாம் நாள் ஒரு கல்லை உடைத்தோம்.
நோஞ்சான்.
சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்.

இருபத்தெட்டாம் நாள் முள் ஏறியது.
சாம்பல் இல்லாத கல் நொறுங்கிய இடத்தைத் தாண்டி
ஏறிக்கொண்டே போனது.
சிபூசிசோ "ஹாவு!" என்றான்.
நான் எண்ணை எழுதினேன்,
ஒன்றுகூடக் குறைக்காமல்.
கை மட்டும் கொஞ்சம் தயங்கியது.

அந்த இயந்திரத்துக்குத் தெரிந்தது ஒரே கேள்வி:
எவ்வளவு தாங்குவாய்?
மழையில் நனைந்தால்
உன்னிலிருந்து என்ன கசியும் என்று கேட்கும் சோதனை
வேறு ஊரில் நடக்கிறது.
தாள் இன்னும் வரவில்லை.

அதற்குள் பள்ளிக்கூட நடைபாதைக்கு
முதல் லோடு போய்விட்டது.
தங்கை மகன் தேஷன்,
சட்டைப் பையில் இன்ஹேலர் குலுங்க,
அதன்மேல் நொண்டியடிக்கிறான்.
நான் வாசலில் நின்று பார்க்கிறேன்,
வானத்தை அல்ல, முதல்முறையாகத் தரையை.

விரிசல் இல்லை.
கல் நல்ல கல்தான்.